குரல் காணிக்கை

குளியலறைக்குள்ளிருந்து கட்சித் தலைவர் துண்டு கேட்டார்.

பாண்டீஸ்வரி அடுப்படியில் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். கடுகு பாட்டுக்கு வெடித்துக் கருக, கரண்டி பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. சந்தேகமே இல்லை, அந்தக் குரல்தான். தென்னக முழக்கப் பேரவையின் நிறுவனத் தலைவர் இடிக்குரலார் ஆவுடைநாயகம் மதுரையில் வாயைத் திறந்தால் மேலூரில் தூங்குகிற குழந்தை விழித்துக்கொள்ளும் என்பார்கள். அந்தக் குரல் இப்போது அவள் வீட்டுத் தகரக் கதவுக்குப் பின்னாலிருந்து, "ஏய் பாண்டீசு, துண்ட எடு. கொடியில கெடக்கு பாரு" என்றது.

அவள் முதலில் சேலையைச் சரிசெய்துகொண்டாள். இவ்வளவு பெரிய மனிதர் வீட்டுக்கு வந்து குளிக்கிறார், முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா இந்த மனுசன் என்று புருசன் மேல் கோபம் வந்தது. அதற்கப்புறம்தான் உறைத்தது, தலைவருக்குத் தன் பெயர் எப்படித் தெரியும், அதுவும் பாண்டீசு என்று? கதவு திறந்தது. மொட்டைத் தலையில் தண்ணீர் சொட்ட, பழைய லுங்கியோடு அவள் புருசன் முத்திருளப்பன்தான் நின்றான். பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"எப்படி இருக்கு?" என்று தலைவர் குரலில் கேட்டான்.

கடுகு தீய்ந்த வாடை வீடு முழுக்கப் பரவியிருந்தது.

நடந்தது இதுதான். ஊருக்கு ஊர் பல் டாக்டருக்குப் பக்கத்தில் ஒரு குரல் டாக்டரும் போர்டு மாட்டிவிட்ட காலம் அது. வாழ்நாளெல்லாம் மேடையில் கத்தியதில் தலைவரின் குரல்நாண்கள் காய்ப்புக் காய்த்து, தை மாதத்தில் குரல் சுத்தமாக அடைத்துப்போனது. மதுரையில் ஒரு டாக்டரம்மா வாய் வழியாகக் குழாய் விட்டு, லேசர் கதிரால் காய்ப்பைச் சுத்தமாகச் சீவி எடுத்தார். கத்தி இல்லை, தையல் இல்லை, குரல் பழையபடி கணீரென்று வந்துவிட்டது. அத்தோடு நின்றிருந்தால் ஊர் நன்றாக இருந்திருக்கும். பின்னால் உதவும் என்று அந்தக் குரல்நாணுக்கு ஓர் அச்சும் எடுத்து வைத்தார்கள். அந்த அச்சில் வார்த்த மெல்லிய தோலை யார் தொண்டையில் ஒட்டினாலும் அவர் வாயிலிருந்து தலைவர் பேசுவார் என்ற செய்தி எப்படியோ கட்சிக்காரர்கள் காதுக்குப் போய்விட்டது.

கட்சிக்காரன் காதுக்குப் போனால் சும்மா இருப்பானா? தலைவர் குணமாக வேண்டும் என்று ஏற்கெனவே மண்சோறு தின்றாயிற்று, அலகு குத்தித் தேர் இழுத்தாயிற்று. வட்டச் செயலாளர் சோணைமுத்து தலைவர் முகத்தை நெஞ்சில் பச்சை குத்திக்கொண்டு சட்டைக்குப் பொத்தானே போடாமல் அலைந்தான். அவனை எப்படி மிஞ்சுவது என்று புரண்டு புரண்டு படுத்த முத்திருளப்பனுக்கு இந்த யோசனை தோன்றியது. வீட்டில் பழனிக்குப் போவதாகச் சொன்னான். நிஜமாகவே பழனிக்குப் போய் மொட்டை போட்டான், திரும்பும் வழியில் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டான். அவனுடைய குரல்நாணின் மேல்தோலை லேசரால் வெங்காயச் சருகு மாதிரி உரித்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தலைவர் அச்சில் வார்த்த தோலை ஒட்டினார்கள். புண் ஆறும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தவன் மௌன விரதம் என்று சைகை காட்டினான்.

பாண்டீஸ்வரி அதை நம்பித் தொலைத்தாள். நம்பியதோடு நிற்காமல் சந்தோஷமும் பட்டாள். கட்சிக்காரனைக் கட்டிக்கொண்டவளுக்கு வீடு அமைதியாக இருப்பது சாதாரண விஷயமா? ஒருநாள் சர்க்கரைப் பொங்கல்கூட வைத்துக் கொடுத்தாள். இப்போது அந்தப் பொங்கலை நினைத்தால் வயிறு எரிந்தது.

"உங்க குரல் எங்க?" என்று கேட்டாள்.

"காணிக்கை குடுத்துட்டேன். முடி எடுத்தா அது கோயிலுக்குத்தானே சொந்தம்? அது மாதிரி உரிச்ச தோல ஒரு சின்ன பாட்டில்ல போட்டு, ஐஸ் பெட்டியில வெச்சு, தேங்காய் பழத்தோட தலைவர் வீட்டுக்கு அனுப்பியாச்சு. டாக்டரம்மா அத நான் பத்திரமா வெக்கிறேன், பின்னால வேணும்பீங்கன்னாங்க. குடுத்த முடிய எவனாவது திருப்பிக் கேப்பானான்னு எழுதிக் காட்டிட்டேன்."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். பக்கத்து வீட்டில் யாரோ கை தட்டினார்கள்.

முத்திருளப்பனின் பழைய குரல் ஒன்றும் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது, உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். எண்ணெய் காணாத கிணற்று உருளை மாதிரி கீச்சென்று தொடங்கும், நடுவில் உடையும், கடைசி எழுத்து வெறும் காற்றாகப் போய்விடும். மேடையில் 'வாழ்க' சொல்லக்கூட அவனை விட்டதில்லை. மைக் கம்பி இழுக்க மட்டும் கூப்பிடுவார்கள். அவனும் மாய்ந்து மாய்ந்து இழுப்பான்.

ஆனால் பாண்டீஸ்வரிக்கு அந்தக் குரலோடு ஒரு கணக்கு இருந்தது. பழங்காநத்தத்தில் ரோட்டோரம் அவளுக்கு இட்லிக் கடை. விடியும் முன் அடுப்பு மூட்டினால் மாவு தீரும்வரை உட்கார மாட்டாள். ஊருக்கெல்லாம் பரிமாறுவாள், இன்னொரு கரண்டி சட்னி கேட்பவர்கள் உண்டே தவிர அவளைப் பற்றி ஒரு கேள்வி கேட்டவர் கிடையாது. மாவுச் சட்டி காலியாகிற நேரத்துக்கு முத்திருளப்பன் கட்சி ஆபீசிலிருந்து வருவான். வந்து ஏதாவது உதவுவான் என்று நினைக்க வேண்டாம். பெஞ்சில் உட்காருவான், அந்த உடைந்த குரலில், "நீ சாப்ட்டியா?" என்பான். "இன்னும் இல்லங்க" என்பாள். பிறகு இரண்டு பேரும் சாப்பிடுவார்கள். கல்யாணமான நாள் முதல் இதுதான் வழக்கம். அந்த ஒரு கேள்விக்காக அவனுடைய மற்ற லட்சணங்களை எல்லாம் அவள் பொறுத்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கும் வந்தான், உட்கார்ந்தான், கேட்டான். ரோடே திரும்பிப் பார்த்தது. ஆட்டோ ஸ்டாண்டில் நின்றவர்கள், "சாப்ட்டோம் தலைவரே" என்றார்கள். போகிற பஸ்ஸிலிருந்து ஒருவர் எழுந்து நின்று கும்பிட்டார். பாண்டீஸ்வரி இட்லித் துணிகளை அள்ளிக்கொண்டு குழாயடிக்குப் போய், தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

மறுநாள் கடையைச் சீக்கிரமே கட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். சண்டை போடுகிற தீர்மானத்தோடு போனவளை டாக்டர் மெஹருன்னிசா உட்காரச் சொல்லி டீ வரவழைத்துவிட்டார். டீயைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவுதான் சண்டை போட முடியும்?

"என் வீட்டுக்காரர் குரலத் திருப்பிக் குடுங்க டாக்டரம்மா" என்றாள்.

"நானா வெச்சிருக்கேன்? ஐஸ் பெட்டிக்கு மாலை போட்டு, மஞ்சத் துணி சுத்தி எடுத்துட்டுப் போனார். வேணாம்னு சொன்னதுக்கு, பேசக் கூடாதுல்ல, கையாலயே என்கிட்ட சண்டைக்கு வந்தார்."

"அப்ப இன்னொரு தடவ லேசர் வெச்சு இந்தத் தோல உரிச்சு விட்டுருங்க."

"உரிக்கலாம். உரிச்சுட்டு எத ஒட்டுறது? ஒரு தொண்டை அடுத்தவங்க தோல ஒரு தடவதான் தாங்கும். ரெண்டாவது தடவ சொந்தத் தோல் மட்டும்தான் பிடிக்கும். அந்த பாட்டில் வந்துச்சுன்னா சின்ன வேலை. வராட்டி என் கையில ஒண்ணும் இல்ல. அதுக்கும் மேல, அவர் சம்மதிக்கணும். தொண்டை அவரோடது." டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆமா, வாயத் தெறக்காம இருந்த நாள்ல கிசுகிசுன்னு ஏதாச்சும் பேசினாரா?"

"இல்லையே. ஏன்?"

"நெறையப் பேர் ரகசியம்தானேன்னு பேசிப் புண்ணக் கெடுத்துக்குவாங்க. கிசுகிசுப்புல குரல்நாண் அதிராது, அது காத்தும் நாக்கும் உதடும் போடுற சத்தம். ஆனா தொண்டை இறுகும். அதான் கேட்டேன்."

"அவருக்கு ரகசியம் பேசத் தெரியாது டாக்டரம்மா. கட்சிக்காரர்."

டாக்டர் சிரித்துவிட்டார். பாண்டீஸ்வரி சிரிக்கவில்லை. "ஊர்ல உள்ள தொண்டைய எல்லாம் இப்படி ஒண்ணு போல ஆக்குறீங்களே, உங்களுக்கு உறுத்தல?" என்று கேட்டாள்.

"உறுத்துது" என்றார் டாக்டர். "புத்துநோய்ல குரல் போனவங்களுக்காகத்தான் இதப் படிச்சேன். ஒரு பள்ளிக்கூட டீச்சருக்கு முதல்ல செஞ்சேன். குரல் வந்ததும் அவங்க பேர அவங்களே சொல்லிப் பாத்தாங்க, அப்புறம் என் கையப் பிடிச்சுட்டு விடல. அந்த மாதிரி நெனச்சுட்டுத்தான் ஆரம்பிச்சது. இப்ப வெளிய போய்ப் பாருங்க யார் யார் உக்காந்திருக்காங்கன்னு."

வெளியே பெஞ்சு முழுக்க வெள்ளைச் சட்டைகள். முதல் ஆளாகச் சோணைமுத்து, பொத்தான் போடாமல், மடியில் ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்திருந்தான். முத்திருளப்பன் தன்னை முந்திவிட்டதை அவனால் தாங்க முடியவில்லை.

அந்தப் பெஞ்சு அப்புறம் காலியாகவே இல்லை. சித்திரைத் திருவிழாவுக்குள் மாவட்டத்தில் பாதிப் பேரும் ஆடிக்குள் மாநிலத்தில் பாதிப் பேரும் தலைவராகிவிட்டார்கள். சந்தையில் தலைவர் கத்தரிக்காய் சொத்தை என்று சண்டை போட்டார். பஸ்ஸில் தலைவர் ஜன்னல் சீட்டுக்குத் துண்டு போட்டார். சலூனில் இரண்டு தலைவர்கள் யாருக்கு முதலில் கிருதா எடுப்பது என்று மோதிக்கொள்ள, மூன்றாவது தலைவர் சமாதானம் பேசினார். கட்சிக்குள் நடந்தது இன்னும் அழகு. ஒருநாள் காலையில் தலைவர் போன் போட்டு மாவட்டச் செயலாளரை நீக்கினார். மத்தியானம் தலைவர் போன் போட்டு அவரைத் திரும்பச் சேர்த்தார். சாயங்காலம் தலைவர் அவருக்கே போன் போட்டு, "என்னய்யா நடக்குது அங்க?" என்று கேட்டார். கடைசியாகப் பேசியவர் மட்டும்தான் அசல் என்று பிற்பாடு தெரிந்தது.

முத்திருளப்பனைக் கையில் பிடிக்க முடியவில்லை. போன இடமெல்லாம் நாற்காலி போட்டார்கள். முன்பெல்லாம் பெயரைக்கூடக் காதில் வாங்காதவர்கள் இப்போது அவன் தும்மினால்கூட எழுந்து நின்றார்கள். பாண்டீஸ்வரி பாட்டில் பேச்சை எடுத்தாலே முகம் சுருங்கிவிடும்.

"நான் வாயத் தெறந்தா இப்பத்தான் நாலு பேர் திரும்பிப் பாக்குறான் பாண்டீசு. அது உனக்குப் பொறுக்கலையா?"

"இத்தன வருசமா நான் திரும்பிப் பாத்தேனே. அது கணக்குல வரலையா?" என்றாள்.

அவன் தெருமுனையில் கூட்டம் இருக்கிறது என்று போய்விட்டான்.

ஒருநாள் காலை போனைக் கடையிலேயே மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். அது அடித்தது. பாண்டீஸ்வரி மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"முத்திருளப்பன் இருக்காரா? நான் தலைவர் பேசுறேன்" என்றது அந்தக் குரல்.

"ஏ சோணை, ஒனக்குக் காலங்காத்தால வேற வேலை இல்லையா?"

"சோணை இல்லம்மா. நான் நெசமாவே தலைவர்."

"எல்லாரும் நெசம்தான். பால்காரர்கூட நெசம்தான்." அவளுக்கு அன்றைக்கு அடுப்பு வேறு சரியாக எரியவில்லை, இத்தனை நாள் அடக்கி வைத்தது எல்லாம் பொங்கிவிட்டது. "நீ யாரா வேணா இருந்துட்டுப் போ. உங்க தலைவர்கிட்ட நான் சொன்னேன்னு ஒண்ணு சொல்லிரு. அவர் வீட்டு ஐஸ் பெட்டியில எங்க வீட்டு ஆள் குரல் ஒண்ணு கெடக்கு. அவருக்கு அது எதுக்காகும்? அந்தக் குரல்ல ஒரு மனுசன் தெனமும் என்னப் பாத்து நீ சாப்ட்டியான்னு கேட்டான். எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். இத்தன லட்சம் பேர வெச்சிருக்காரே உங்க தலைவர், அவர ஒருத்தன் கேட்டிருப்பானா சாப்ட்டீங்களான்னு?"

அந்தப் பக்கம் வைத்துவிட்டானோ என்று நினைத்தபோது, "இல்லம்மா. யாரும் கேட்டதில்ல" என்று வந்தது. அப்புறம்தான் போன் வைக்கப்பட்டது. சோணைமுத்துவுக்கு இவ்வளவு மரியாதை எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அதற்குள் ஒருவர் சாம்பார் கேட்டார், மறந்துவிட்டாள்.

அந்த வாரமே தலைவர் ஓர் உத்தரவு போட்டார். எல்லாரும் அவரவர் ஐஸ் பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு அவரவர் குரலுக்குப் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் நீக்கம். எல்லா மாவட்டத்துக்கும் அவரே போன் போட்டுச் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. மதுரைக்காரர்கள் இது தேனிக்காரர்கள் வேலை என்றார்கள், தேனிக்காரர்கள் திண்டுக்கல்காரர்கள் வேலை என்றார்கள். வேறு வழியில்லாமல் தலைவர் நேரிலேயே மதுரைக்கு வந்து மைதானத்தில் மேடை ஏறினார்.

பாண்டீஸ்வரி மைதானத்து வாசலில்தான் அன்றைக்குக் கடை போட்டிருந்தாள், எல்லாம் காதில் விழுந்தது. "என் குரல் எனக்கு ஒருத்தனுக்குப் போதும். உங்க குரல்ல பேசுங்க. நீங்க என்ன நெனைக்கிறீங்கன்னு நான் கேட்டு எத்தன நாளாச்சு" என்றார் தலைவர். கூட்டத்தில் நின்ற சோணைமுத்து உதட்டைப் பிதுக்கி, "தலைவர் இப்படிப் பேச மாட்டார். யாரோ டூப்பு, உச்சரிப்பே சரியில்ல" என்றான். பிறகு யாரோ வழக்கம்போல் 'தலைவர் வாழ்க' என்று எடுத்துக்கொடுக்க, மைதானம் மொத்தமும் திருப்பிச் சொன்னது. அத்தனையும் அவர் குரல். தனக்குத் தானே ஆயிரம் வாயால் வாழ்த்துச் சொல்லிக்கொள்வதை ஒரு மனிதர் எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டு நிற்பார்? மைக்கைக் கீழே வைத்தார், மேடைக்குப் பின்னால் இறங்கினார். அதற்கப்புறம் அவரை யாரும் பார்க்கவில்லை.

கட்சிக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை. அறிக்கை வேளாவேளைக்கு வந்தது, கண்டனம் வந்தது, பொங்கல் வாழ்த்து முன்கூட்டியே வந்தது. பக்கத்தில் இருப்பவர் பேசிக் கொடுத்துவிடுவார். தலைவர் காணாமல் போனதைக் கட்சி கவனிப்பதற்கே சில மாதம் பிடித்தது, கவனித்தவர்களும் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒருநாள், மாவுச் சட்டி காலியாகிற நேரத்துக்கு முத்திருளப்பன் கடைக்கு வந்தான். அந்தக் குரலை எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்கி, "நீ சாப்ட்டியா?" என்றான்.

"சாப்ட்டேன் தலைவரே" என்றாள் பாண்டீஸ்வரி, தட்டைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல்.

கேலிக்குச் சொல்லவில்லை. ரோட்டில் போகிறவர்கள் சொல்லிச் சொல்லி அவள் வாய்க்கும் பழகிவிட்டிருந்தது. அவள் சாப்பிடவில்லை என்பது அவனுக்குத் தெரியும். அவள் தட்டு அடுப்புப் பக்கத்தில் மூடியபடியே இருந்தது.

"நான் தலைவர் இல்ல பாண்டீசு."

"தெரியும்ங்க. காதுக்குத் தெரிய மாட்டேங்குதே."

அவன் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதான். அழுகையும் தலைவர் குரலில்தான் வந்தது. ஆட்டோ ஸ்டாண்டில் இருந்தவர்கள் பதறி ஓடி வந்தார்கள். தலைவர் அழுகிறாராம், யாருக்கு என்ன ஆச்சோ என்று செய்தி பரவி, பஜாரில் இரண்டு கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்கள். பாண்டீஸ்வரிக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. எல்லாரையும் விரட்டிவிட்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"பாட்டிலக் கேட்டுப் பாப்போமா?" என்றாள்.

"குடுத்த காணிக்கையத் திருப்பிக் கேக்குறதா?"

"சாமி தராட்டிப் போகட்டும். கேக்குறதுக்கு என்ன?"

வெட்கத்தைவிட்டு அவன் தலைவர் வீட்டுக்குப் போன் போட்டான். அங்கே சமையலும் காவலும் பார்க்கிற மரியதாஸ் எடுத்தார். "வணக்கம், ஐஸ் பெட்டி விசயமா" என்று முத்திருளப்பன் தொடங்கியதுதான் தாமதம், அந்தப் பக்கம் மரியதாஸ் தேம்ப ஆரம்பித்துவிட்டார்.

"தலைவரே, எங்கய்யா போயிட்டீங்க? ஒரு போன்கூடப் போடாம. பெட்டிங்க எல்லாம் நீங்க வெச்ச மாதிரியே ஃபிரிட்ஜில இருக்குய்யா, ஊறுகாய்க்குப் பக்கத்துல. மதுரை முத்திருளப்பன் பாட்டில் மட்டும்தான் இல்ல. அதத்தான் நீங்க போகும்போது தேடி எடுத்துப் பையில போட்டுக்கிட்டீங்களே."

முத்திருளப்பன் போனை மெதுவாக வைத்தான். ஊறுகாய்க்குப் பக்கத்தில் இத்தனை பேர் குரல் கிடக்க, தலைவர் எதற்குத் தேடிப்பிடித்து அதை எடுத்தார் என்று இரண்டு பேருக்கும் விளங்கவில்லை. கேட்டுவிடலாம் என்றால் தலைவர் எங்கே இருக்கிறார் என்று அவர் வீட்டுக்கே தெரியவில்லை.

மார்கழி பிறந்தது. ஒரு காலையில் குரங்குக் குல்லாயும் மப்ளரும் சுற்றிய ஒருவர் வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். கேட்டதற்கு விரலைக் காட்டி இட்லி வாங்கிக்கொண்டார், நிதானமாகச் சாப்பிட்டார், எழுந்து போகவே இல்லை. கூட்டம் வந்து போனது. மாவு தீர்ந்தது. பாண்டீஸ்வரி குனிந்து சட்டியை வழித்துக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்டது. கீச்சென்று தொடங்கியது, நடுவில் உடைந்தது, கடைசி எழுத்து காற்றாகப் போனது.

"நீ சாப்ட்டியாம்மா?"

"இன்னும் இல்லங்க" என்று அவள் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சொன்ன பிறகுதான் திரும்பினாள். புருசன் ரோட்டில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, திறந்த வாயை மூடாமல் நின்றிருந்தான். கேட்டவன் அவன் இல்லை. பெஞ்சிலிருந்தவர் குல்லாயைக் கழற்றினார். ஊர்ச் சுவர்களில் எல்லாம் வரைந்து வைத்திருக்கிற முகம், கொஞ்சம் இளைத்திருந்தது.

"அன்னைக்குப் போன்ல பேசினது நான்தாம்மா" என்றார் ஆவுடைநாயகம், முத்திருளப்பனின் குரலில். "மைதானத்துலேருந்து எறங்கினதும் இனி அந்தக் குரல் வேணாம்னு தோணிருச்சு. சாதாரணமா ஒண்ணு போட்டு விடுங்கன்னு டாக்டரம்மாகிட்ட நின்னேன். வீட்ல அத்தன பாட்டில் இருந்துச்சு. உம் பேச்சுதான் காதுல நின்னுச்சு, அதான் இத எடுத்தேன், யாரோடதுன்னு டாக்டரம்மாகிட்ட சொல்லல. இந்தக் குரல்ல ஒரு டீக்கடையில போயி சக்கரை கம்மியா போடுப்பான்னேன். இருய்யா, ரெக்கையா கட்டிருக்குன்னான். எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? அப்புறம் போற எடத்துல எல்லாம் கேட்டுப் பாத்தேன், நீ சாப்ட்டியான்னு. எல்லாரும் பதில் சொன்னாங்க. என்னையும் திருப்பிக் கேட்டாங்க."

அவர் தட்டில் ஒட்டியிருந்த சட்னியை விரலால் வழித்தார்.

"அப்புறம்தான் உறைச்சுச்சு, இது உனக்குச் சேர வேண்டியதுன்னு. திருப்பிக் குடுக்க முடியுமான்னு டாக்டரம்மாவக் கேட்டேன். ஒட்டிப் பிடிச்சுருச்சு, இனி உரிச்சா கிழிஞ்சு போகும்னுட்டாங்க. நேர்ல சொல்லணும்னு வந்தேன். என்ன மன்னிச்சுரும்மா."

பாட்டில் எங்கேயோ இருக்கிறது, என்றைக்காவது வரும் என்று பாண்டீஸ்வரி இத்தனை நாள் ஓட்டினாள். இப்போது அந்தக் குரல் கண்ணெதிரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது, ஆனால் இனி இல்லை என்று ஆகிவிட்டது. அந்தப் பெரிய மனிதர்மேல் கோபப்படவும் முடியவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குள் முத்திருளப்பனுக்குச் சுயநினைவு வந்திருந்தது. தலைவரை இவ்வளவு பக்கத்தில் அவன் பார்த்ததே இல்லை. கட்சியில் சேர்ந்த நாளிலிருந்து மற்றவர்களைப் பார்த்துப் பழகிய பழக்கம், சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டு, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான், உடம்பை வளைத்தான், கையால் வாயைப் பொத்திக்கொண்டான். தலைவர் முன்னால் சத்தமாகப் பேசலாமா?

"தலைவரே, நீங்க போயி எங்ககிட்ட மன்னிப்புக் கேக்கலாமா" என்று குசுகுசுத்தான்.

இடி இடிக்கவில்லை. ஆட்டோ ஸ்டாண்டில் யாரும் திரும்பவில்லை. வெறும் காற்றுதான் வந்தது, ஒவ்வொரு வார்த்தையின் கடைசி எழுத்தும் எப்போதும் தேய்ந்து போகுமே, அந்தக் காற்று. பாண்டீஸ்வரி சடாரென்று திரும்பினாள். நாக்கும் உதடும் போடுற சத்தம் என்று டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்தது.

"என்னங்க, இப்ப சொன்னதத் திரும்பச் சொல்லுங்க."

"தலைவரேன்னேன்" என்று அவன் வாயிலிருந்து கையை எடுத்துச் சொல்ல, பஜார் வரைக்கும் கேட்டது.

"அப்படி இல்ல. கைய எடுக்காதீங்க. வாயப் பொத்திக்கிட்டுச் சொன்னீங்கள்ல, அதே மாதிரி. அவரப் பாத்து இல்ல, என்னப் பாத்து. தெனமும் கேப்பீங்களே, அத."

அவனுக்குப் புரிந்தது. மெதுவாக அவளருகே வந்தான். வாயைப் பொத்திக்கொண்டு, அவள் காதுப் பக்கம் குனிந்தான்.

"நீ சாப்ட்டியா?"

அவனேதான். கீச்சு இல்லை, உடைசல் இல்லை, ஆனால் அவன்தான், அப்படியே அவன்தான். ரோட்டில் ஒருவருக்கும் கேட்கவில்லை. பாண்டீஸ்வரிக்குக் கண் நிறைந்து எதிரே இருந்த அடுப்பு மங்கலாகிவிட்டது.

"இன்னும் இல்லங்க" என்று அவளும் குசுகுசுத்தாள்.

மூடி வைத்திருந்த தட்டைத் திறந்து அவள் இரண்டாகப் பங்கு வைத்தாள். பெஞ்சிலிருந்தவர் எழுந்து தன் தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார், தானே கழுவி, மற்றத் தட்டுகளோடு கவிழ்த்து வைத்தார்.